கொண்டைக்குள் ஆயுதம், பேரேட்டுக்குள் கொலை

மாடஸ்டி பிளைசி, லார்கோ விஞ்ச் என்று தமிழில் வருகிற இரண்டு சித்திரக் கதைத் தொடர்களைப் பற்றியது இது. கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மாடஸ்டியை வாங்குங்கள். இரண்டுக்கும் இருந்தால் லார்கோவையும் எடுங்கள், ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திவிட்டுப் போகலாம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். உளவுக் கதை என்றால் சோறு தண்ணி மறந்து வாசிப்பேன். ஆனால் தொழில் புத்தி போகாது. வடிவான ஒருத்தி பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து துவக்கை நீட்டினால், மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, வவுச்சரில் யார் கையெழுத்து வைத்தது என்று யோசிப்பேன். இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் நழுவுகிற கதைகள்தான் ஏராளம். கார் பறக்கும், கட்டிடம் வெடிக்கும், கடைசியில் இவ்வளவு செலவு செய்து யாருக்கு என்ன லாபம் என்று பார்த்தால் ஒன்றும் இராது. இந்த இரண்டு தொடர்களும் அப்படி நழுவவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டுமே சிவகாசியிலிருந்து வருகிற சித்திரக் கதைகள். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. அதன் தங்கையான லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியபோது, முதல் இதழிலேயே ஆண் நாயகன் யாரையும் நம்பாமல் மாடஸ்டி பிளைசியைத்தான் முன்னே விட்டது. 'கத்தி முனையில் மாடஸ்டி' என்று பெயர். அந்தக் காலத்தில் அது சின்னத் துணிச்சல் இல்லை. அதே ஆண்டு ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டை வைத்துக் கடை திறந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லார்கோ விஞ்ச் பிந்தி வந்தவன். 2012இல்தான் அவன் தமிழ் பேசத் தொடங்கினான்.

நான் வாங்கியது நேரே சிவகாசியிலிருந்து அல்ல. இந்தியாவிலிருந்து புத்தகம் இறக்கி விற்கிற ஒரு தம்பியிடம் சொல்லி வைத்தேன். பெயர் வேண்டாம். அட்டையில் போட்டிருக்கிற இந்திய விலையை ஐந்தால் பெருக்கி வாங்கினார். நாணய மாற்று விகிதம் மூன்றரையைச் சுற்றி நின்ற காலத்தில் ஐந்து என்பது கொஞ்சம் கை நீளம்தான். கேட்டதற்கு, "அக்கா, கப்பல் கூலி, சுங்கம், என்ரை நடைச் செலவு எல்லாம் பாக்க வேணுமல்லே" என்றார். சரி, நியாயம் என்று விட்டேன். பார்சல்தான் இழுத்தடித்தது. போன் எடுக்கிற நேரமெல்லாம் "கொழும்பிலை நிக்குது அக்கா, நாளையிண்டைக்கு வந்திடும்". வந்தபோது ஒரு மூலை நனைந்து ஊதியிருந்தது. மாரி காலத்தில் பொலித்தீன் சுற்றாமல் புத்தகம் அனுப்புகிறவரை என்ன சொல்ல? "தம்பி, அடுத்த முறை பொலித்தீனுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ, நான் தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

இனி மாடஸ்டி.

1963 மே மாதம் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் தினத்தொடராகத் தொடங்கியது. எழுதியவர் பீட்டர் ஒடோனல், வரைந்தவர் ஜிம் ஹோல்ட்அவே. 2001 வரை ஓடியது. ஒடோனல் கடைசிவரை எழுத்தை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் கதையே காசு வாங்கிக்கொண்டு கொலை செய்து கொடுக்கிற ஒரு அமைப்பை உடைப்பது பற்றியது. கொலையைத் தொழிலாக நடத்துகிறவர்களை அடக்க இன்னொரு பழைய தொழில்காரியைத்தான் அனுப்ப வேண்டும் என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்காரர் சேர் ஜெரால்ட் டாரன்ட் முடிவு செய்கிறார். மாடஸ்டி அதற்கு முன் 'நெட்வேர்க்' என்ற பெரிய கள்ளக் கூட்டத்தின் தலைவி. 26 வயதளவில் சேர்த்தது போதும் என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு லண்டனில் வந்து இருக்கிறாள். காசுக்குக் குறைவில்லை, சும்மா இருப்பதுதான் முடியவில்லை.

நெட்வேர்க்கின் விதிகள் எனக்குப் பிடித்தவை. போதைப்பொருள் இல்லை, பெண்களை விற்கிற வியாபாரம் இல்லை. கள்ளக் கூட்டம்தான், ஆனால் எதை விற்போம் எதை விற்கமாட்டோம் என்று, சங்கங்கள் விதிகளை எழுதி வைக்கிற யாப்பு மாதிரி ஒன்று இருக்கிறது, அதை மீறினவனுக்குத் தலைவியே தண்டனை கொடுக்கிறாள். எத்தனையோ பதிவு செய்த அமைப்புகளின் யாப்பைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். அடித்த பிறகு ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியாது.

அவளுடைய ஒய்யாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் விற்கிறவர்கள் அதைத்தான் அட்டையில் போடுகிறார்கள். உயரக் கொண்டை, நீண்ட கழுத்து, விருந்துக்குப் போகிற உடுப்பு. ஆனால் அந்தக் கொண்டைக்குள்தான் 'கொங்கோ' இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற, இரு முனையும் பருத்த சின்னக் கட்டை. எதிரி அவள் கையையும் இடுப்பையும் தடவிப் பார்த்து ஆயுதம் இல்லை என்று விட்டுவிடுவான்; அவள் தலைமுடியைச் சரிசெய்வது போலக் கையை உயர்த்துவாள்; அடுத்த படக் கட்டத்தில் அவன் தரையில் கிடப்பான். எங்கே குத்தினால் எந்த நரம்பு மரத்துப்போகும் என்று தெரிந்து குத்துகிற குத்து. ஹோல்ட்அவே அதைப் பெரிதாக ஆரவாரம் பண்ணி வரையமாட்டார். கை ஒரு சின்ன வளைவு, எதிரியின் முகத்தில் ஒரு வியப்பு, அவ்வளவுதான். அவருடைய பேனாக் கோடுகளை உற்றுப் பார்த்தால் மழை நனைத்த தெரு, சிகரெட் புகை, பழைய காரின் பளபளப்பு எல்லாம் வெறும் கறுப்புக் கீறல்களால் வந்திருப்பது விளங்கும்.

1970இல் அவர் ஒரு கதையின் நடுவில் இறந்துபோனார். பிறகு வந்தவர் ஸ்பெயின்காரர் ரொமேரோ. அவரும் கைதேர்ந்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய மாடஸ்டி சண்டை பிடிக்கும்போதுகூடப் படம் எடுக்க நிற்கிறவள் போல நிற்கிறாள். தேவையில்லாத இடத்திலும் நீச்சல் உடுப்பு. ஹோல்ட்அவே வரைந்த கதை எது, ரொமேரோ வரைந்தது எது என்று பார்த்து வாங்க முடிந்தால் முதலாமவரையே தேர்ந்தெடுங்கள். முகத்தைப் பார்த்தாலே பிடிபடும்: ஹோல்ட்அவேயின் மாடஸ்டி யோசிப்பாள்.

தினத்தொடர் என்பதால் வருகிற ஒரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அதில் பெரும்பாலும் மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் வாசகரை நாளைக்கும் பத்திரிகை வாங்க வைக்க வேண்டும். முதலாவது கட்டம் நேற்று என்ன நடந்தது என்று நினைவூட்ட வேண்டும். அந்த வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கிப் புத்தகமாக்கும்போது, பேரேட்டில் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் 'மீதி முன்கொண்டு வரப்பட்டது' என்று எழுதுவோமே, அது மாதிரிச் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு போகும். எனக்கு அது பழக்கமானபடியால் கோபம் வரவில்லை. ஒரே மூச்சில் வாசிக்கிறவர்களுக்குச் சலிக்கலாம். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் என்று வைத்து வாசித்துப் பாருங்கள், அந்த மூன்றாவது கட்டம் இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஆனால் நான் மாடஸ்டியை முதலிடத்தில் வைப்பதற்கு இவை எதுவும் காரணம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் கிரேக்கத்தில் ஒரு அகதி முகாமிலிருந்து தனியாக நடந்து வெளியேறுகிற பெயரில்லாத சிறுமிதான் மாடஸ்டி. அம்மா அப்பா யார் என்று தெரியாது, என்ன நடந்தது என்ற நினைவும் இல்லை. இன்னொரு முகாமில் லொப் என்ற வயோதிபரைச் சந்திக்கிறாள். படித்த மனிசன், பல மொழி தெரிந்தவர், ஆனால் ஒரு பாண் துண்டைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவர். மற்றவர்கள் அவரிடமிருந்து சாப்பாட்டைப் பறிக்கும்போது இவள் குறுக்கே நிற்கிறாள். அதன் பிறகு இருவரும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்கள். இவள் அவருக்குச் சாப்பாடு தேடிக் கொடுக்கிறாள், அவர் இவளுக்கு எழுத்தும் மொழியும் சொல்லிக் கொடுக்கிறார். மாடஸ்டி என்ற பெயர்கூட அவர் வைத்ததுதான். இதையெல்லாம் 1966இல் வந்த ஒரு குட்டித் தொடரில் சில வரிசைகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். அழவைக்க முயற்சி இல்லை.

இது கற்பனையில் இருந்து மட்டும் வந்ததில்லை. 1942இல் ஒடோனல் பிரிட்டிஷ் இராணுவத்தில் தொலைத்தொடர்புப் பிரிவில் ஈரானின் வடக்கே இருந்தார். மலைப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி தன்னந்தனியாக வந்தாள். காலில் செருப்பு இல்லை, கூட ஒரு சின்ன மூட்டை. கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஆணி கட்டிய ஒரு மரத்துண்டு. அதுதான் அவளுடைய ஆயுதம். இவர்கள் சாப்பாடு வைத்தார்கள். சாப்பிட்டாள், சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கொடுத்த தகர உணவுகளையும் மூட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடந்து போய்விட்டாள். இருபது வருடம் கழித்து ஒரு நாயகி வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பாத்திரம் கழுவின இடத்தில் நான் நின்றுவிட்டேன். முகாமில் இருந்த யாருக்கும் அது ஏன் என்று விளங்கும். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு, நான் பிச்சை எடுக்க வந்த ஆள் இல்லை என்று காட்ட மிச்சம் இருக்கிற ஒரே வழி அதுதான். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது எங்கள் அம்மா, யார் வீட்டிலாவது கறி வாங்கினால் கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார். ஒன்றும் இல்லையென்றால் ரெண்டு கறிவேப்பிலை இணுக்காவது போடுவார். மாடஸ்டியின் ஒரு கதையை முதன்முதல் வாசித்ததும் மல்லாவியில்தான்: அட்டை போய், கடைசிப் பக்கங்களும் போய், கை மாறி மாறி வந்த பழைய புத்தகம். பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கை இதற்கா எரிக்கிறாய் என்று பேச்சு விழும். முடிவு தெரியாத அந்தக் கதைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். என்னுடைய முடிவில் வில்லி கார்வின் செத்துப்போவான், ஏனோ தெரியாது.

வில்லி சாவதில்லை, பயப்படாதீர்கள். அவன்தான் அவளுடைய வலக்கை. கத்தி எறிவதில் மன்னன். சிறையிலிருந்து அவளால் மீட்கப்பட்டவன், அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். இருவருக்கும் இடையில் காதல் இல்லை. அத்தனை வருடத் தொடரிலும் அதைக் காதலாக்காமல் காப்பாற்றிய ஒடோனலுக்கு ஒரு கும்பிடு. எங்கள் சினிமாக்காரர் கையில் கிடைத்திருந்தால் இரண்டாவது பாட்டுக்குள் கலியாணம் முடிந்திருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. அறுபதுகளின் லண்டன் பத்திரிகைக் கண் அது. கீழைத்தேய முகம் ஒன்று வந்தால் அவன் நம்பத்தகாதவனாக இருக்கச் சாத்தியம் அதிகம். அதையும் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். அச்சில், எனக்கு வந்த பிரதியில், இருட்டுக் காட்சிகள் மை அப்பி யார் யாரை அடிக்கிறார் என்று தெரியாமல் போன இடங்கள் உண்டு.

லார்கோ வேறு வகை. பிரெஞ்சு மொழியில் 1990இல் தொடங்கிய முழுவண்ணத் தொடர், வழவழப்பான தாள், எழுத்து பெல்ஜியக்காரர் ஜான் வான் ஹாம், சித்திரம் பிலிப் பிராங்க். முதல் கதை இப்படித் தொடங்குகிறது: நியூயோர்க்கில் தன் பெயர் தாங்கிய கட்டிடத்தின் உச்சியிலிருந்து, 'டபிள்யூ குழுமம்' என்ற உலகளாவிய கம்பனிக் கூட்டத்தின் முதலாளி நேரியோ விஞ்ச் கீழே தள்ளப்பட்டுச் சாகிறார். வாரிசு இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, யூகோஸ்லாவியாவில் பிறந்த ஒரு அநாதைப் பிள்ளையை அவர் இரகசியமாகத் தத்தெடுத்து வளர்த்திருப்பது வெளியே வருகிறது. அவனுக்கும் வயது 26. ஆள் அப்போது இஸ்தான்புல்லில் கொலைப்பழி சுமத்தப்பட்டுச் சிறைக்குள். கூட இருக்கிற சுவிஸ் திருடன் சைமனோடு தப்பி வந்தால்தான் சொத்து.

தள்ளியது யார் என்ற சந்தேகம் பணிப்பாளர் சபை மேசையைச் சுற்றித்தான் ஓடுகிறது. இங்கேதான் எனக்குக் கை துறுதுறுத்தது. வான் ஹாம் வணிகம் படித்தவர், எழுத்துக்கு முழுநேரமாக வருவதற்கு முன் பிலிப்ஸ் கம்பனியில் வேலை பார்த்தவர். அது தெரிகிறது. கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறார், யார் கோப்பைத் திறக்காமலே சம்மதம் சொல்கிறார், யார் தண்ணீர்க் கிளாசைத் தொடுகிறார் என்பதெல்லாம் கூட்ட அறிக்கை எழுதினவர்களுக்கு மட்டும் தெரிகிற சங்கதி. மூன்றாம் நான்காம் பாகங்களில் கம்பனி பிடிக்கிற விளையாட்டு. சந்தை விலையை விடக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று பங்குக்காரர்களிடம் நேரே போய் வாங்கினால், நிர்வாகம் வேண்டாம் என்று கத்தினாலும் கம்பனி கை மாறிவிடும். பாதிக்கு மேல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் சட்டம். கூட்டுறவில் அப்படிச் செய்ய முடியாது: ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ எங்கள் பக்கத்தில் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வான் வண்டி பிடிக்கிறார்கள், பங்கு வாங்குவதில்லை.

எனக்குப் பிடித்த பாத்திரம் லார்கோ இல்லை, நிதிப் பொறுப்பாளர் கோக்ரேன். முதலாளிப் பொடியன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து ஒரு கையெழுத்தில் கோடிகளைத் தூக்கி எறியும்போது, இந்த மனிசன் முகம் சிவந்து எண்களைக் காட்டிக் கத்துவார். வாசகர் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் எழுதியவரின் எண்ணம். நான் சிரிக்கவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரி. கணக்காய்வுக்கு யார் மறுமொழி சொல்வது?

லார்கோவில் வருகிற அழகிய கொலைகாரிகளும் ஏமாற்றுக்காரிகளும்தான் பலவீனம். வருவார்கள், உடுப்பைக் குறைப்பார்கள், லார்கோவை ஏமாற்றுவார்கள் அல்லது அவனுக்காகச் சாவார்கள். அவர்களுக்கு முன்கதை இல்லை, அவர்களுடைய காசு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பிராங்க் ஒரு ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற நகரத்தைக்கூடக் கட்டிடம் கட்டிடமாக வரைகிறார். பெண்களின் முகங்கள் மட்டும் ஒரே அச்சு. விதிவிலக்கு, வயதான செயலாளர் அம்மா பென்னிவிங்கிள். அவவை அழகி என்று யாரும் சொல்லாததால் அவவுக்கு ஒரு குணம் கிடைத்திருக்கிறது.

பதினைந்து வயதில் இருக்கிற அக்காவின் மகளிடம் மாடஸ்டியைக் கொடுத்தேன், லார்கோவை ஒளித்தேன். ஒளித்ததைத்தான் முதலில் வாசித்திருக்கிறாள். "சித்தி, இவன் ஏன் எல்லாத்தையும் வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது?" என்று கேட்டாள். "வித்தால் கதை முடிஞ்சிடும்" என்றேன். "மாடஸ்டி விட்டிட்டு வந்தவள்தானே, அவளின்ரை கதை முடியேல்லையே" என்றாள். இந்த மதிப்புரையை அவளிடம் கொடுத்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பாள்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். லார்கோவின் கதைகள் இரண்டு பாகத்துக்கு ஒன்றாக எழுதப்பட்டவை. முதல் பாகத்தில் பொறி வைப்பார்கள், இரண்டாவதில்தான் அது வெடிக்கும். ஆகவே காசு கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கதை அங்கே முடிகிறதா என்று பாருங்கள். பழைய புத்தகமாக வாங்கினால் பக்க எண்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள். மாடஸ்டிக்கு எந்த இதழிலிருந்தும் தொடங்கலாம், ஒன்றுக்கொன்று ஒட்டுக் கிடையாது. தபாலில் எடுத்தால் பொலித்தீன் சுற்றச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுங்கள்.

என்னுடைய லார்கோவை இரவல் கேட்டு வராதீர்கள். அதை எங்கள் மனேச்சர் ஐயா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், பணிப்பாளர் சபைக் கூட்டம் முடிந்த பிறகு தருகிறேன் என்று. கூட்டம் முடிந்துவிட்டது. புத்தகம் இன்னும் வரவில்லை.